கார்பரேட்டர் மாற்றிய பிறகு வண்டி சரியாக ஓடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்தில் என்னிடம் ஒரு பிரீமியர் பத்மினி இருக்கிறது. மாதம் இரண்டு தடவையாவது மலையடிவாரத்து லோயர் கேம்ப் வழியாகக் கேரள எல்லையிலுள்ள குமுளிக்கு ஏறிவிட்டு வரும். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் ரீகண்டிஷன் செய்த சோலெக்ஸ் கார்பரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) ஒன்றை வெளியூர்க் கடையில் வாங்கி மாட்டிவிட்டு, மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டியவன். அதிலிருந்து இந்தப் பக்கத்தில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள், "அண்ணே, கார்பரேட்டர் மாத்தினேன், முன்னாடி ஓடின மாதிரிகூட ஓடல" என்று என்னிடம்தான் வருகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பத்மினி, அம்பாசடர், பழைய மாருதி 800 மூன்றுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

மாற்றிய நாளிலிருந்தே வண்டி சரியில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கடைசியாகக் கை பட்ட இடத்திலிருந்து. நேற்று வரை இல்லாத கோளாறு இன்று வந்திருக்கிறது என்றால், நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன கழற்றினோம், என்ன மாட்டினோம் என்று பாருங்கள். பேக்கிங் (இணைப்பில் கசியாமல் அடைக்கும் தாள்), பெட்ரோல் பைப், வேக்கம் டியூப் (இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு போகும் குழாய்), சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கம்பி, ஏர் ஃபில்டர் ஆகியவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். புது கார்பரேட்டரே மோசம் என்ற முடிவுக்கு முதல் நாளே வந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் வந்தேன். கடைக்காரரைப் போனில் நன்றாகவே திட்டினேன். கடைசியில் தப்பு பாதி என்னுடையது. அந்தக் கதை அடுத்த பதிலில்.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கார்பரேட்டர் மாற்றும்போதே "கையோடு" பாயிண்ட், கண்டென்சர், பிளக் என்று கரண்ட் பாகங்கள் எல்லாம் புதிதாகப் போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அப்புறம் எது குற்றவாளி என்று யாருக்குத் தெரியும்?

ஐடிலிங் (மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடுவது) நிலைக்கவில்லை. மிதித்துப் பிடித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் அணைந்துவிடுகிறது. ஏன்?

பத்துக்கு ஏழு வண்டிகளில் இதற்குக் காரணம், ஒர்க்‌ஷாப் பாஷையில் சொன்னால், "ஏர் எடுக்குது". இன்ஜினுக்குப் போகும் காற்று முழுவதும் கார்பரேட்டரின் தொண்டை வழியாகத்தான் போக வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தகடுக்குக் கீழே எங்காவது ஓர் இடுக்கு இருந்தால் அதன் வழியே கள்ளக் காற்று நுழையும். அந்தக் காற்றோடு பெட்ரோல் வராது, கலவை மெலிந்துபோகும். த்ராட்டில் திறந்து ஓடும்போது மொத்தக் காற்று அதிகம் என்பதால் இந்தக் கசிவு பெரிதாகத் தெரியாது. ஐடிலிங்கில் உள்ளே போவதே கொஞ்சம்தான், அங்கேதான் அடி விழும்.

என் வண்டியில் நடந்தது இது. புது கார்பரேட்டரோடு வந்த பேக்கிங்கின் ஓட்டை ஒரு பக்கம் கொஞ்சம் பெரிதாக வெட்டப்பட்டிருந்தது. அது கடையின் தப்பு. கசியக் கூடாதே என்று நான் இரண்டு நட்டுகளையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன், அது என் தப்பு. கார்பரேட்டரின் உடம்பு மெல்லிய வார்ப்பு உலோகம். இரு காதுகளையும் இறுக்க இறுக்க நடுப்பகுதி வில்லாக வளைந்து மேலே எழும்பிவிடும். இறுக்கினால் கசிவு கூடுகிற விசித்திரம் அப்படித்தான் வந்தது. கழற்றி, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய எமரி பேப்பரை விரித்து, அதில் அடிப்பகுதியை எட்டுப் போடுவதுபோல் தேய்த்துச் சமமாக்கினேன். ஒரு மணி நேர வேலை. புதுப் பேக்கிங்கை அளந்து வெட்டி, நட்டுகளை மாறி மாறி, ஸ்பானரைக் குட்டையாகப் பிடித்து இறுக்கினேன். அன்று மாலையே ஐடிலிங் நிலைத்துவிட்டது.

ரீகண்டிஷன் கார்பரேட்டர் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். த்ராட்டில் தகடு திரும்பும் அச்சான ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். வெளியே பளபளவென்று பாலிஷ் செய்து, உள்ளே தேய்ந்த ஸ்பிண்டிலை அப்படியே விட்டிருப்பார்கள். ஆட்டம் இருந்தால் அந்தத் துளை வழியாகவும் ஏர் எடுக்கும். எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் அது அடங்காது. லேத்தில் கொடுத்து புஷ் (உள்வளையம்) அடிக்க வேண்டும்.

ஏர் எடுக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, பேக்கிங் இருக்கும் இடத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தண்ணீர் உள்ளே இழுபட்டாலோ இன்ஜின் சத்தம் சட்டென்று மாறினாலோ அங்கேதான் ஓட்டை. கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்துப் பார்ப்பதும் வழக்கம். கசிவிடத்தில் பட்டால் இன்ஜின் வேகம் கூடும். வேலை செய்யும் முறைதான், ஆனால் கீழே சூடான சைலன்சர் மேனிஃபோல்டு இருக்கிறது, ஸ்ப்ரே தீப்பிடிக்கும். எனக்குச் சோப்புத் தண்ணீரே போதும்.

வேக்கம் டியூப்களை ஒவ்வொன்றாக விரலால் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சன்ன டியூப், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டிகளில் அதற்குப் போகும் தடித்த டியூப். கிள்ளினால் ஐடிலிங் சரியாகிறதா? அப்படியென்றால் கோளாறு அந்த டியூபிலோ அது போய்ச் சேரும் டயாபிரத்திலோதான் (சவ்வு).

மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பி வைக்க வேண்டும்?

சோலெக்ஸில் மெதுவாக உள்ளே திருப்பி, முட்டியதும் நிறுத்துங்கள். அழுத்தி இறுக்கினால் ஊசி முனையில் பள்ளம் விழுந்துவிடும், அதற்குப் பிறகு அந்த ஸ்க்ரூ எதற்கும் உதவாது. முட்டிய இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, கால் சுற்று கால் சுற்றாக இரு பக்கமும் நகர்த்தி, வேகம் அதிகமாகவும் சீராகவும் இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வேகம் கூடிப் போனால் ஐடிலிங் ஸ்க்ரூவைக் குறைத்துவிட்டு மறுபடியும் அதையே செய்யுங்கள். இரண்டு ஸ்க்ரூவும் மாமியார் மருமகள் மாதிரி, ஒன்றைத் தொட்டால் மற்றதைச் சமாதானம் செய்ய வேண்டும்.

ஸ்க்ரூவை முழுக்க உள்ளே முடுக்கினாலும் இன்ஜினில் எந்த மாற்றமும் தெரியவில்லையா? அப்படியானால் த்ராட்டில் தேவைக்கு மேல் திறந்து நிற்கிறது, அல்லது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் வரும் நுண்துளைத் திருகான ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது. ஜெட்டைக் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள். மெயின் ஜெட்டில் 125 என்று பொறித்திருந்தால் துளை 1.25 மில்லிமீட்டர் என்று பொருள். அவ்வளவு நுணுக்கமான துளையில் குண்டூசி போய் வந்தால் அது வேறு நம்பர் ஜெட்.

பழைய அம்பாசடரில் எஸ்யூ கார்பரேட்டர் இருந்தால் கதை வேறு. அதில் கீழே இருக்கும் ஜெட் நட்டை மேலே ஏற்றினால் கலவை மெலியும், கீழே இறக்கினால் கனக்கும், அதாவது பெட்ரோல் கூடும். கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் கனம், இன்ஜின் தள்ளாடி விழுந்தால் மெலிவு, லேசாகக் கூடி உடனே இறங்கினால் சரி. மேலே அந்தப் பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் டேம்பரில் எண்ணெய் ஊற்ற மறந்தாலும் மிதிக்கும்போது திக்கும். இதை மறக்காத ஆள் குறைவு.

கறுப்புப் புகை, பெட்ரோல் நாற்றம், மைலேஜ் பாதியாகிவிட்டது.

முதலில் சோக், அதாவது குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கலவையைக் கனமாக்கும் அமைப்பு. பழைய கேபிளைப் புது கார்பரேட்டரில் மாட்டும்போது ஒரு செண்டிமீட்டர் குட்டையாக இறுக்கிவிட்டால், குமிழை முழுக்க உள்ளே தள்ளினாலும் சோக் பாதி இழுத்தபடியே நிற்கும். பானெட்டைத் திறந்து, ஒருவரை உள்ளே உட்கார வைத்து இழுத்து விடச் சொல்லிக் கண்ணால் பாருங்கள்.

அடுத்து ஓவர்ஃப்ளோ. கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையின் மட்டம் அதிகமாக இருக்கலாம், ஊசி வால்வில் துரு மாட்டியிருக்கலாம், மிதவையே ஓட்டையாகிப் பெட்ரோல் புகுந்து கனத்திருக்கலாம். மிதவையைக் காதருகில் வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை. நம் வண்டிகளின் ஏசி பம்ப் (இன்ஜினோடு ஓடும் பெட்ரோல் பம்ப்) தருகிற அழுத்தம் சதுர அங்குலத்துக்கு மூன்று நான்கு பவுண்டுதான். அதை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் பம்ப் மாட்டியவர்களுக்கு இந்த ஊசி வால்வு தாக்குப்பிடிக்காது.

மிதித்தவுடன் ஒரு நொடி திக்கி, அப்புறம்தான் எடுக்கிறது.

ஆக்சிலரேட்டர் பம்ப். இன்ஜினை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபடி த்ராட்டில் கம்பியைத் திருப்புங்கள். கம்பி அசைந்த கணமே பெட்ரோல் ஊசிபோல் பீச்ச வேண்டும். தாமதித்தாலோ வழிந்தாலோ டயாபிரம் போய்விட்டது. அப்படியே காலால் முழுக்க மிதித்தால் த்ராட்டில் தகடு நெட்டுக்குத்தாக நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். முக்கால்வாசியோடு நின்றுவிட்டு "பிக்கப் இல்லை" என்று புலம்பும் வண்டிகள் நிறைய. திரும்ப மூடும்போது எங்கும் சிக்கக் கூடாது. இறக்கத்தில் த்ராட்டில் திறந்தபடி மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

கம்பம், கூடலூர் வரை நன்றாக ஓடுகிறது. லோயர் கேம்ப் தாண்டி ஏற்றத்தில் செத்துவிடுகிறது. உயரம்தான் காரணமா?

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 விழுக்காடு குறையும். கம்பம் சுமார் 400 மீட்டர், குமுளி சுமார் 900. ஏறுவது 500 மீட்டர்தான். இழுவை கொஞ்சம் குறையும், கலவை ஒரு சிட்டிகை கனக்கும். அவ்வளவுக்கு எந்த வண்டியும் சாகாது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி மூணாறு வரை போகிறவர்களுக்கு உயரம் உண்மையாகவே தெரியும். அங்கேயும் வண்டி சோம்புமே தவிர நிற்காது.

ஏற்றத்தில் நிற்கிற வண்டிக்குப் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை. சமவெளியில் கால் பங்கு த்ராட்டிலில் ஓடும்போது குறை தெரியாது. இரண்டாவது கியரில் முழுக்க மிதித்துக் கொண்டை ஊசி வளைவு ஏறும்போது மிதவை அறை காலியாகும். கார்பரேட்டர் பக்கத்துப் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காயில் ஒயரை எடுத்துவிட்டு, செல்ஃப் அடித்துப் பாருங்கள். துடிப்புத் துடிப்பாகக் கொட்ட வேண்டும். இழையாக வந்தால் ஃபில்டர், டேங்க் துரு, பம்ப் டயாபிரம் என்று பின்னால் போய்க்கொண்டே இருங்கள்.

டேங்க் மூடியையும் மறக்காதீர்கள். அதன் காற்றுத் துளை அடைத்திருந்தால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியபின் வண்டி நிற்கும். மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும். அப்புறம் மறுபடியும் ஓடும். கம்பத்திலிருந்து கிளம்பினால் அந்தப் பதினைந்தாவது கிலோமீட்டர் மலையடிவாரத்துப் பக்கம்தான் வருகிறது. பழி மலைக்கு.

குமுளியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முதல் தடவை வண்டியை நிறுத்தியபோது, அங்கிருந்த ஆசான் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி வலிக்குன்னில்லா" என்றார். வலிக்கவில்லை என்றால் நல்லதுதானே என்று நின்றேன். இழுக்கவில்லை என்பதை மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள்.

மேலே போய் டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி கழித்துத் தானாகவே ஆகிறது.

சூடு. ஓடும்போது விசிறிக் காற்றும் புதுப் பெட்ரோலும் கார்பரேட்டரைக் குளிர்ப்பிக்கும். நிறுத்தியதும் இன்ஜினின் சூடு முழுவதும் மேலே ஏறி, மிதவை அறையில் இருக்கும் பெட்ரோல் கொதித்து, இன்ஜினுக்குக் கலவை போகும் மேனிஃபோல்டுக்குள் வழியும். சிலிண்டர்கள் நனைந்துபோயிருக்கும். சோக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை ஒரே அழுத்தில் தரையோடு வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். காலை ஏற்றி இறக்கிப் பம்ப் அடிக்கக் கூடாது. அடித்தால் இன்னும் பெட்ரோல்தான் போகும்.

மாற்றுவதற்கு முன் இந்தத் தொல்லை இல்லை, இப்போதுதான் வந்தது என்றால், பழைய கார்பரேட்டரின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த தடித்த கறுப்பு பேக்லைட் துண்டைத் தேடுங்கள். சூடு மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். பலர் அதைப் பழைய கார்பரேட்டரின் பாகம் என்று நினைத்துப் பழைய இரும்போடு போட்டுவிடுகிறார்கள். அடியில் தகரத் தட்டு இருந்திருந்தால் அதையும் திரும்ப மாட்டுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏற்றத்தில் நின்றால் பம்பிலோ பைப்பிலோ பெட்ரோல் ஆவியாகியிருக்கலாம். ஏசி பம்பின் மேல் ஈரத் துணி சுற்றுவது பழைய டிரைவர்களின் வைத்தியம். இன்றும் பலிக்கிறது.

மூணாறிலேயே ட்யூன் செய்துகொண்டு வரலாமா?

அங்கேயே குடியிருப்பதாக இருந்தால் செய்யுங்கள். அங்குள்ள மெல்லிய காற்றுக்கு ஏற்பக் கலவையைக் குறைத்துவிட்டுச் சித்திரை வெயிலில் தேனிக்கு இறங்கினால், கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும். நாள் முழுக்க எங்கே ஓடுகிறதோ அங்கே ட்யூன் செய்ய வேண்டும்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் மிஸ்ஸிங் (இன்ஜின் இடையிடையே விட்டு விட்டு ஓடுவது) அடிக்கிறது.

அப்படியானால் கார்பரேட்டரை விட்டுவிட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்கு வாருங்கள். பெட்ரோல் கோளாறு என்று வருவதில் ஒரு பெரும் பங்கு கரண்ட் கோளாறுதான். கார்பரேட்டர் மாற்றும் யோசனை எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். முன்பே மிஸ்ஸிங் இருந்ததா? இருந்தது என்றால் மாற்றியதே தப்பான வைத்தியமாக இருக்கலாம்.

பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டரை ஒட்டி, பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். உங்கள் வண்டிப் புத்தகம் வேறு சொன்னால் அதுவே சரி. பிளக் வயர்களைக் கழற்றி மாட்டியிருந்தால் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையைச் சரிபாருங்கள். பத்மினிக்கும் அம்பாசடருக்கும் 1-3-4-2, மூன்று சிலிண்டர் மாருதி 800-க்கு 1-3-2. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் டியூபைத் த்ராட்டிலுக்கு மேலே இருக்க வேண்டிய முனைக்குப் பதில் மேனிஃபோல்டு முனையில் மாட்டிவிட்டாலும், ஐடிலிங்கிலேயே டைமிங் முன்னே போய் இன்ஜின் துள்ளும். புது கார்பரேட்டரில் முனைகள் வேறு இடத்தில் இருந்தால் இந்தத் தப்பு எளிதில் நடக்கும்.

பிளக்கைக் கழற்றி முனையின் நிறத்தையும் பாருங்கள். பிஸ்கட் நிறம் நல்லது, கரி படிந்திருந்தால் கனம், சுண்ணாம்பு வெள்ளை என்றால் மெலிவு. நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறமா? கார்பரேட்டர் நான்குக்கும் பொது. கோளாறு அந்தச் சிலிண்டரின் பிளக், வயர், வால்வு பக்கம்.

மழையில் மட்டும் மிஸ்ஸிங் ஏன்?

கம்பத்தில் வெயில் அடிக்கும்போதே ஆனி, ஆடியில் குமுளியில் மழை கொட்டும். அரை மணி நேரத்தில் காய்ந்த காற்றிலிருந்து ஈரக் காற்றுக்குள் போகிறோம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் இருந்தால் கரண்ட் அதன் வழியே ஓடிவிடும். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டால் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

எத்தனால் பெட்ரோலால் தொல்லை வருமா?

வரும். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ஜெட்டில் விட்டால் கலவை சற்று மெலிந்தே இருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை ரப்பர். பழைய டயாபிரமும் பெட்ரோல் ஹோஸும் ஊறி இளகும் அல்லது விரிசல் விடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்க் அடியில் தண்ணீர் சேரும். மாற்றும்போது ஹோஸ்களையும் சேர்த்து மாற்றுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று என்ற விதிக்கு இது மட்டும் விலக்கு.

வேறு வண்டியின் பெரிய கார்பரேட்டரைப் போட்டால் இழுவை கூடுமா?

பத்மினியின் 1089 சிசி இன்ஜின் உறிஞ்சுவதற்கு மேல் தொண்டை அகலமானால் காற்றின் வேகம் குறையும், பெட்ரோல் சரியாகத் தூவாது. திக்கலும் கூடும், செலவும் கூடும். வேண்டாம்.

மாருதி 800-க்குத் தனியாக ஏதாவது?

கார்பரேட்டர் மாடலில் ஐடில் சோலினாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு) ஒன்று உண்டு. சாவியைப் போட்டு அதன் ஒயரைக் கழற்றி மாட்டினால் டிக் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஐடிலிங் கிடைக்கவே கிடைக்காது. வேக்கம் டியூப்களும் ஏராளம். கழற்றுவதற்கு முன் போனில் நான்கு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார்பரேட்டரை எடைக்குப் போட்டுவிடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். அம்பாசடர் 2014-ல் நின்றது, பத்மினி அதற்கும் முன்பே போய்விட்டது. பழைய உடம்பில் இருக்கும் அசல் ஜெட், இப்போது கிடைக்கும் டூப்ளிகேட்டைவிடத் துல்லியமாக இருக்கும். என் புது சோலெக்ஸுக்குள் இப்போது ஓடுவது பழையதன் மெயின் ஜெட்டும் ஊசி வால்வும்தான். மீதியைப் பெட்ரோலில் கழுவி, நன்றாக உலர்த்தி, ஒரு டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்திருக்கிறேன்.